எண்ணப்பட்ட பருவங்கள், எண்ணப்படாத கல்லூரிகள்

2024 டிசம்பர் 18 அன்று, அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில், கூட்டாட்சி மாவட்ட நீதிபதி வில்லியம் கேம்பல் ஓர் இடைக்கால ஆணையைப் பிறப்பித்தார். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகக் கால்பந்து அணியில் ஆடிவந்த டியேகோ பாவியா என்ற மாணவர் மேலும் ஓராண்டு ஆடுவதை, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு தடுக்கக் கூடாது என்பதே அந்த ஆணை. வழக்கின் மையத்தில் இருந்த கேள்வி மிகச் சிறியதாகத் தோன்றும். ஒரு மாணவர் ஈராண்டு ஜூனியர் கல்லூரியில் ஆடிய பருவத்தை, அவருடைய பல்கலைக்கழக ஆட்டக் கணக்கில் கழித்துக்கொள்ளலாமா? அடுத்த ஐந்து நாட்களில் என்.சி.ஏ.ஏ. பணிந்தது. பாவியாவைப் போலவே ஜூனியர் கல்லூரியில் ஆடி, அந்த ஆண்டோடு தகுதி முடியவிருந்த அனைவருக்கும் 2025-26இல் ஆடப் பொது விலக்கு அளித்தது.

நாளேடுகள் இதை ஒரு நட்சத்திர வீரரின் வெற்றியாக எழுதின. ஆனால் அக்கேள்விக்கு ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டு வரலாறு உண்டு. ஈராண்டுக் கல்லூரியை எப்போது கல்லூரியாகக் கருதுவது, எப்போது கருதாமல் விடுவது என்பதைப் பெரிய பல்கலைக்கழகங்களே முடிவு செய்துவந்தன. ஒவ்வொரு காலத்திலும் அந்த முடிவு அவற்றின் வசதிக்கு ஏற்றபடியே அமைந்தது. வசதிக் குறைவு எதுவாயினும் அது ஜூனியர் கல்லூரி வழியே வந்த இளைஞரின் கணக்கில் எழுதப்பட்டது.

இங்கே கால்பந்து என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் வீசியும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து. அந்நாட்டின் தொழில்முறைச் சங்கமான என்.எஃப்.எல். தனக்கென இளையோர் அணிகளை வளர்ப்பதில்லை. உயர்நிலைப் பள்ளிப் பருவம் முடிந்து மூன்று ஆண்டுகள் கடக்காத எவரையும் அது தேர்வுக்கு ஏற்பதும் இல்லை. எனவே தொழில்முறை ஆட்டத்திற்குச் செல்லும் சாலை நடைமுறையில் பல்கலைக்கழக வளாகங்களின் வழியாகவே செல்கிறது. அவ்வளாகங்களில் சில, லட்சம் பேருக்கு மேல் அமரும் அரங்குகளையும் பெரும் தொலைக்காட்சி வருவாயையும் கொண்டவை. ஆடுபவருக்குக் கிடைத்ததோ, அண்மைக்காலம் வரை, கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு ஆகியவற்றை ஈடுசெய்யும் உதவித்தொகை மட்டுமே. ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு ஆட்டப் பருவங்கள் என்பது அவருக்கு விதிக்கப்பட்ட அளவு. இந்தச் சாலையில் நேராக ஏற முடியாதவர்களின் கிளைப் பாதையே ஜூனியர் கல்லூரி.

1. கதவு திறந்த விதம்

அமெரிக்காவின் மிகப் பழைய பொது ஈராண்டுக் கல்லூரியாகப் பொதுவாகக் கருதப்படுவது, 1901இல் இல்லினாய்ஸ் மாநிலத்தில் தொடங்கிய ஜோலியட் ஜூனியர் கல்லூரி. அதன் பின்னணியில் இருந்தவர்களுள் ஒருவர், சிக்காகோ பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரான வில்லியம் ரெய்னி ஹார்ப்பர். இளங்கலையின் முதல் இரண்டு ஆண்டுகளைப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரித்து வேறிடத்தில் நடத்தலாம் என்பது அவர் கருத்து. இந்தக் கருத்தில் தொடக்கத்திலேயே இரட்டைப் பொருள் ஒளிந்திருந்தது. எளியவர்க்குக் கல்லூரிக் கதவு திறக்கும் என்பது ஒன்று. பல்கலைக்கழகம் தன் வாயிலில் கூட்டம் சேராமல் காத்துக்கொள்ளும் என்பது மற்றொன்று.

கலிபோர்னியா 1907இல் இயற்றிய சட்டம், உயர்நிலைப் பள்ளிகளே மேற்படிப்பு வகுப்புகளை நடத்த இடமளித்தது. 1910இல் பிரெஸ்னோவில் ஒரு ஜூனியர் கல்லூரி தோன்றியது. அடுத்த இருபது ஆண்டுகளில் அம்மாநிலமெங்கும் இவை பரவின. மாணவர்கள் வந்தபின் அணிகளும் வந்தன. 1930களின் பிற்பகுதியில், கலிபோர்னியாவின் 13 ஈராண்டுக் கல்லூரிகள் என்.சி.ஏ.ஏ. நடத்தும் தேசியத் தடகளப் போட்டியில் தங்கள் மாணவர்களும் பங்கேற்க அனுமதி கேட்டன. அனுமதி மறுக்கப்பட்டது. அந்த மறுப்பிலிருந்து பிறந்ததே, 1938இல் பிரெஸ்னோவில் உருப்பெற்ற தேசிய ஜூனியர் கல்லூரித் தடகளச் சங்கம், அதாவது என்.ஜே.சி.ஏ.ஏ.

இந்த மறுப்பை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஈராண்டுக் கல்லூரியின் ஆட்டம் தங்கள் ஆட்டத்தோடு சேராது என்று என்.சி.ஏ.ஏ. அன்று எல்லைக்கோடு வரைந்தது. அதே ஆட்டத்தைத் தன் கணக்கில் பற்று எழுதியதற்காகத்தான் பின்னாளில் அது நீதிமன்றத்தில் நிற்க நேர்ந்தது.

2. பாசடீனாவிலிருந்து ராஸ்வெல் வரை

எல்லைக்கோடு வரையப்பட்ட அதே ஆண்டுகளில், கோட்டைத் தாண்டி ஆட்களை அழைத்துக்கொள்வதில் பல்கலைக்கழகங்களுக்குத் தயக்கம் இருக்கவில்லை. ஜாக்கி ராபின்சன் பின்னாளில் பேஸ்பால் ஆட்டத்தின் நிறத்தடையை உடைத்தவராக உலகறிந்தார். அதற்கு முன் அவர் பாசடீனா ஜூனியர் கல்லூரியின் கால்பந்து வீரர். 1939இல் அவரும் அவருடைய கல்லூரித் தோழர் ரே பார்ட்லெட்டும் லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றனர். கென்னி வாஷிங்டன், வுடி ஸ்ட்ரோட் ஆகியோரோடு சேர்ந்து அந்த அணியில் நான்கு கறுப்பின வீரர்கள் ஆடினர். தென்மாநிலப் பல்கலைக்கழகங்கள் கறுப்பின மாணவர்களை அறவே சேர்க்காத காலம் அது.

உலகப் போருக்குப் பின் இந்த ஓட்டம் பெருகியது. 1944இன் படைவீரர் நலச் சட்டம் ஈராண்டுக் கல்லூரிகளை மாணவர்களால் நிரப்பியது. 1947இல் அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்வி ஆணையம் அவற்றுக்குச் சமுதாயக் கல்லூரி என்ற பெயரை நாடறியச் செய்தது. 1946 முதல் பாசடீனாவின் ரோஸ் பவுல் அரங்கிலேயே ‘ஜூனியர் ரோஸ் பவுல்’ என்ற ஆட்டம் நடந்தது. கலிபோர்னியாவின் சிறந்த ஜூனியர் கல்லூரி அணி ஒருபுறம், நாட்டின் பிற பகுதியிலிருந்து வரும் அணி மறுபுறம். காம்ப்டன் கல்லூரி அணியில் ஆடிய ஹியூ மெக்கெல்ஹென்னியை வாஷிங்டன் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொண்டது. அவர் பின்னர் தொழில்முறை ஆட்டத்தின் புகழ் மன்றத்திலும் இடம்பெற்றார்.

அந்த அரங்கு வேறொன்றுக்கும் சாட்சியானது. 1955 டிசம்பரில் மிசிசிப்பியின் ஜோன்ஸ் கவுண்டி ஜூனியர் கல்லூரி அணி அங்கே காம்ப்டன் அணியைச் சந்திக்க அழைக்கப்பட்டது. காம்ப்டன் அணியில் கறுப்பினத்தவர் ஆடினர். வெள்ளையர் அணி கறுப்பினத்தவர் உள்ள அணியோடு ஆடக் கூடாது என்பது மிசிசிப்பியின் எழுதப்படாத விதி. எம்மெட் டில் என்ற 14 வயதுச் சிறுவன் அதே மாநிலத்தில் கொல்லப்பட்டு நான்கு மாதங்கள்கூட ஆகவில்லை. அரசியல்வாதிகளின் எதிர்ப்பையும் மீறி ஜோன்ஸ் அணி பயணம் செய்தது, ஆடியது, 22-13 என்ற கணக்கில் தோற்றது. மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழகங்கள் துணியாத ஒன்றை ஊரகக் கல்லூரி ஒன்று செய்தது. ஆனால் அந்தக் கல்லூரியின் வகுப்பறைகளில் கறுப்பின மாணவருக்கு அன்றும் இடமில்லை.

1960களின் இரண்டு பெயர்கள் ஜூனியர் கல்லூரியின் பயனைத் தெளிவாகக் காட்டும். ராஜர் ஸ்டாபாக்கின் ஆங்கில மதிப்பெண் கடற்படைக் கழகத்தில் சேரப் போதவில்லை. அவர் 1960இல் நியூ மெக்சிகோ மாநிலத்து ராஸ்வெல் ஊரிலுள்ள நியூ மெக்சிகோ படைத்துறைக் கல்விக்கழகத்தில் ஓராண்டைக் கழித்தார். 1963இல், நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை அவருக்குக் கிடைத்தது. ஓ. ஜே. சிம்சனின் பள்ளி மதிப்பெண்களும் பெரிய பல்கலைக்கழகங்களுக்குப் போதவில்லை. சான் பிரான்சிஸ்கோ நகரக் கல்லூரியில் இரண்டு பருவங்கள் ஆடிய பின் 1967இல் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் சென்றார், 1968இல் அதே கோப்பையை வென்றார். இருவர் கதையிலும் ஈராண்டுக் கல்லூரி ஒரு வாயிலாக இருந்தது. அதைவிட, பல்கலைக்கழகம் தன் அளவுகோலைத் தாழ்த்தாமலே தான் விரும்பிய வீரரைப் பெறும் வழியாகவும் இருந்தது.

சிம்சனுக்குச் சில ஆண்டுகள் முன்னர், 1960இல், கலிபோர்னியா தன் உயர்கல்விப் பெருந்திட்டத்தை ஏற்றது. மேல்நிலை மாணவர்க்குப் பல்கலைக்கழகம், அடுத்த நிலையினர்க்கு மாநிலக் கல்லூரி, ஏனைய அனைவர்க்கும் ஜூனியர் கல்லூரி என்று மூன்றடுக்கு முறை வந்தது. அதே ஆண்டில் சமூகவியலாளர் பர்ட்டன் கிளார்க் ஒரு புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். ஜூனியர் கல்லூரி யாவரையும் உள்ளே அழைக்கிறது. பின்னர் சோதனைகள், ஆலோசனைகள், மாற்றுப் பாடங்கள் வழியே பலருடைய பட்டக் கனவை மெல்ல ஆறவைத்து அனுப்புகிறது. வெளியே தள்ளப்பட்டவர் தம் தோல்விக்குத் தம்மையே காரணமாகக் கருதுவதால், அமைப்பின்மீது குறை விழுவதில்லை. கிளார்க் எழுதியது வகுப்பறையைப் பற்றியே. ஆயினும் கால்பந்து ஆள்சேர்ப்பின் பிற்கால வரலாற்றை விளங்கிக்கொள்ள அதனினும் கூர்மையான கருவி கிடைப்பது அரிது.

3. விதிகள் உருவாக்கிய சந்தை

1972 வரை பெரிய பல்கலைக்கழகங்களின் முதன்மைக் கால்பந்து அணியில் முதலாண்டு மாணவர் ஆட இயலாது. ஜூனியர் கல்லூரியிலிருந்து மூன்றாம் ஆண்டில் வருபவர் உடனே ஆடத் தயாரானவர் என்பதால் அவருக்குத் தனி மதிப்பு இருந்தது. அந்தத் தடை நீங்கியபின், பயிற்றுநர்கள் பள்ளி மாணவர்களையே முதலில் நாடினர். நான்கு ஆண்டுகள் ஆடக்கூடியவர் இருக்க, இரண்டே ஆண்டுகள் ஆடக்கூடியவர் எதற்கு? மறுபுறம் 1973இல் ஓர் அணிக்கு 105 உதவித்தொகைகள் என்ற வரம்பு வந்தது. அது படிப்படியாகச் சுருங்கி 1994இல் 85 ஆனது. எண்ணிக்கை சுருங்கியபோது, காயத்தாலோ விலகலாலோ திடீரென ஏற்படும் வெற்றிடத்தை நிரப்ப முதிர்ந்த ஆட்கள் தேவைப்பட்டனர். ஜூனியர் கல்லூரி வீரர் அடித்தளக் கல்லாக இல்லாமல், விரிசலை அடைக்கும் கல்லாக மாறினார்.

அவரைக் கொண்டுவருவதற்கு ஒரே தடை மதிப்பெண் பட்டியல். அதைச் சரிசெய்யும் குறுக்கு வழிகளும் தோன்றின. செல்லாத வகுப்புகளுக்கு மதிப்பெண், தொலைவிலுள்ள கல்லூரிகளின் விரிவாக்கப் பாடங்கள், திருத்திய சான்றுகள் எனப் பலவும் வெளிப்பட்டன. 1980இல் மேற்குக் கடற்கரையின் பசிபிக் பத்துச் சங்கம் தன் பத்து உறுப்பினருள் ஐவரை அந்த ஆண்டின் பட்டத்திற்கும் பருவ இறுதி ஆட்டங்களுக்கும் தகுதியற்றோர் என அறிவித்தது. குற்றச்சாட்டுகளின் நடுவே இருந்தவை இத்தகைய கல்வி முறைகேடுகளே.

இந்தப் பின்னணியில் 1983இல் என்.சி.ஏ.ஏ. ஏற்று, 1986இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிதான் ‘48ஆம் முன்மொழிவு’. பள்ளியில் 11 அடிப்படைப் பாடங்களில் குறைந்தது 2.0 சராசரி வேண்டும். எஸ்.ஏ.டி. தேர்வில் 700 அல்லது ஏ.சி.டி. தேர்வில் 15 வேண்டும். இரண்டும் இல்லையேல் முதலாண்டில் ஆட்டமில்லை. கல்வித் தரத்தைக் காக்கும் விதி என்றே அது முன்வைக்கப்பட்டது. ஆனால் தரப்படுத்தப்பட்ட தேர்வின் மதிப்பெண் குடும்ப வருவாயையும் பள்ளியின் தரத்தையும் எவ்வளவு பின்தொடர்கிறது என்பது அப்போதே அறிந்த செய்தி. விதியின் சுமை கறுப்பின மாணவர்மீது அளவு மீறி விழுந்தது. 1989 ஜனவரியில் அதை மேலும் இறுக்கும் 42ஆம் முன்மொழிவு நிறைவேறியது. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகக் கூடைப்பந்துப் பயிற்றுநர் ஜான் தாம்சன், ஆட்டம் தொடங்கும் வேளையில் அரங்கைவிட்டு வெளியேறித் தம் எதிர்ப்பைத் தெரிவித்தார். பின்னர் வந்த 16ஆம் முன்மொழிவுக்கு எதிராகப் பிலடெல்பியாவைச் சேர்ந்த கறுப்பினத் தடகள மாணவர்கள் வழக்குத் தொடுத்தனர். 1999 மார்ச்சில் மாவட்ட நீதிமன்றத்தில் வென்று, அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டில் தோற்றனர். அந்தத் தேர்வு நீதியானதா என்பதை மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு செய்யவில்லை. என்.சி.ஏ.ஏ. அந்த உரிமைச் சட்டத்தின் வரம்புக்குள் வராது என்பதே தீர்ப்பின் அடிப்படை.

விதி தடுத்த திறமை மறைந்துபோகவில்லை. அது இடம் மாறியது. தகுதி பெறாத மாணவர் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு வெறுமனே உட்கார்ந்திருப்பதைவிட, ஜூனியர் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் ஆடி, இணைப்பட்டம் பெற்றுத் திரும்புவதே வழியாயிற்று. பல்கலைக்கழகப் பயிற்றுநர்கள் தாங்கள் விரும்பிய பள்ளி மாணவரை நம்பிக்கைக்குரிய ஒரு ஜூனியர் கல்லூரிக்கு அனுப்பிவைத்து, ஈராண்டு கழித்து மீட்டுக்கொள்ளும் வழக்கம் வேரூன்றியது. நெல்லைக் களஞ்சியத்தில் சேமித்து வைப்பது போன்ற ஏற்பாடு இது. சேமித்த காலத்தில் ஆகும் செலவும் நேரும் சேதமும் களஞ்சியத்தின் பொறுப்பு. விளைச்சலின் பெயரோ வேறொருவருக்கு.

4. கான்சாஸ்: ஒரு மீட்சியின் கணக்கு

இந்தச் சந்தையின் இயக்கத்தை மிகத் தெளிவாகக் காட்டும் இடம் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகம். 1987, 1988 ஆகிய இரு பருவங்களிலும் அதன் கால்பந்து அணி ஓர் ஆட்டத்தில்கூட வெல்லவில்லை. பெரிய பல்கலைக்கழக அணிகளுள் முதன்முதலில் 500 தோல்விகளை எட்டியதும் அதுவே. 1989இல் பில் ஸ்னைடர் பயிற்றுநராக வந்தார். சிறந்த பள்ளி மாணவர்கள் எவரும் அந்த ஊருக்கு வர விரும்பவில்லை. ஆனால் அந்த மாநிலத்தில் 19 பொது ஈராண்டுக் கல்லூரிகள் இருந்தன. பட்லர், காஃபிவில், கார்டன் சிட்டி, டாட்ஜ் சிட்டி, ஹட்சின்சன் எனப் பலவற்றில் வலுவான கால்பந்து அணிகளும் இருந்தன. காஃபிவிலில் ஆடிய மைக் ரோசியர் அண்டை மாநிலமான நெப்ராஸ்காவுக்குச் சென்று 1983இன் ஹைஸ்மன் கோப்பையை வென்ற நினைவும் மங்கியிருக்கவில்லை.

பிறர் அரிதாகப் பயன்படுத்திய வழியை ஸ்னைடர் தம் முதன்மை வழிகளுள் ஒன்றாக்கினார். இரண்டு ஆண்டுகள் ஆடிப் பழகி, உடல் முதிர்ந்து, இருபது வயதைக் கடந்து வருபவர் உடனே களமிறங்குவார். தமக்கு இது கடைசி வாய்ப்பு என்பதையும் அறிந்திருப்பார். டெக்சாஸின் பிளின் கல்லூரி அணியைத் தேசியப் பட்டங்களுக்கு நடத்திச் சென்ற மைக்கேல் பிஷப், குவார்ட்டர்பேக்காக, அதாவது ஒவ்வொரு நகர்வையும் தொடங்கிவைத்துப் பந்தை வீசும் ஆட்டக்காரராக, கான்சாஸ் மாநில அணிக்கு வந்தார். 1998இல் அந்த அணி வழக்கமான பருவத்தின் 11 ஆட்டங்களையும் வென்றது. ஹைஸ்மன் வாக்கெடுப்பில் பிஷப் இரண்டாம் இடம் பெற்றார். பத்தாண்டில் நிகழ்ந்த இந்த ஏற்றம், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் பெரும் மீட்சிகளுள் ஒன்றாக இன்றும் பேசப்படுகிறது.

இத்தகைய ஆள்சேர்ப்பின் நாட்காட்டியே தனி. பள்ளி மாணவரைப் பல்கலைக்கழகங்கள் ஆண்டுக்கணக்கில் பின்தொடரும். ஜூனியர் கல்லூரி வீரரையோ இலையுதிர் காலத்தின் சில வாரங்களில் முடிவு செய்யும். துணைப் பயிற்றுநர் ஊர் ஊராகச் சென்று ஆட்டப் பதிவுகளைப் பார்ப்பார். அடுத்து மதிப்பெண் பட்டியலைக் கேட்பார். எந்தப் பாடம் தம் பல்கலைக்கழகத்தில் ஏற்கப்படும், எது ஏற்கப்படாது, கோடையில் இன்னும் எத்தனை பாடம் முடிக்க வேண்டும் என்ற கணக்கு ஆட்டத் திறனுக்கு நிகராக எடைபோடப்படும். டிசம்பரில் ஒப்பம், ஜனவரியில் சேர்க்கை, வசந்தகாலப் பயிற்சிக்கு முன் அணியில் இடம். ஒரு பாடத்தில் தவறினால் அந்த நாட்காட்டி முழுவதும் சரியும்.

இதில் தற்செயலுக்கும் பங்கு உண்டு. வடகலிபோர்னியாவின் பியூட் கல்லூரிக்கு வேறொரு வீரரைப் பார்க்க வந்த பெர்க்லி பயிற்றுநர் ஜெஃப் டெட்ஃபோர்டு, அங்கே பந்து வீசிய ஆரோன் ராட்ஜர்ஸைக் கண்டார். உயர்நிலைப் பள்ளி முடித்தபோது எந்தப் பெரிய பல்கலைக்கழகமும் உதவித்தொகை தராத இளைஞர் அவர். 2003இல் பெர்க்லி சென்று, பின்னர் தொழில்முறை ஆட்டத்தின் மிகச் சிறந்த குவார்ட்டர்பேக்குகளுள் ஒருவரானார். புளோரிடாப் பல்கலைக்கழகத்தை விட்டு விலகிய கேம் நியூட்டன் 2009இல் பிளின் கல்லூரிக்குத் தேசியப் பட்டம் வென்று தந்தார். மறு ஆண்டே ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் ஹைஸ்மன் கோப்பையையும் தேசியப் பட்டத்தையும் வென்றார். இந்தப் பெயர்களே திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. கிளார்க் சொன்ன ஆறவைத்தல் திறம்பட நடப்பதற்கு இத்தகைய சில வெற்றிகள் தேவை. அவை இருக்கும்வரை, திரும்ப அழைக்கப்படாதவர் தம்மையே நொந்துகொள்வார்.

5. களஞ்சியத்தின் செலவு

ஈராண்டுக் கல்லூரிகள் உள்ளூர் வரியால் இயங்குபவை. மிசிசிப்பியின் கல்லூரிகள் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தின் ஊரக வேளாண் உயர்நிலைப் பள்ளிகளிலிருந்து வளர்ந்தவை. மாநிலத்தின் 15 கல்லூரிகளில் ஒன்றைத் தவிர ஏனையவற்றில் கால்பந்து உண்டு. கலிபோர்னியாவின் கல்லூரிகள் தமக்கெனத் தனி அமைப்பு வைத்துள்ளன. அவை விளையாட்டு உதவித்தொகை தருவதில்லை. அங்கே ஆடும் மாணவர் வாடகைக்கும் உணவுக்கும் தாமே வழி தேட வேண்டும். வரி செலுத்துவோர் தம் வட்டாரப் பிள்ளைகள் ஆடுவதையே விரும்பினர். எனவே மிசிசிப்பியும் கான்சாஸும் வெளிமாநில வீரர் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருந்தன. 2016இல் கான்சாஸ் சங்கம் அந்த வரம்பை நீக்கியது. புளோரிடா, நியூ ஜெர்சி போன்ற தொலைமாநிலங்களின் இளைஞர்கள், கேட்டறியாத சமவெளி ஊர்களில் வந்திறங்கினர்.

அதே ஆண்டில் ‘லாஸ்ட் சான்ஸ் யு’ என்ற நெட்ஃபிளிக்ஸ் ஆவணத்தொடர் வெளிவந்தது. மிசிசிப்பியின் ஸ்கூபா என்னும் சிற்றூரிலுள்ள ஈராண்டுக் கல்லூரியைப் பின்தொடர்ந்த அத்தொடர், இந்த உலகத்தை முதன்முறையாகப் பொதுமக்கள் முன் வைத்தது. அதில் பார்வையாளர் மனத்தில் தங்கியது ஆட்டம் அன்று. பென்சில் இல்லாமல் வகுப்புக்கு வரும் வீரரிடம் பென்சில் இருக்கிறதா என்று நாள்தோறும் கேட்கும் கல்வி ஆலோசகரே. ஒரு பெரிய பல்கலைக்கழகம் பல அலுவலர்களையும் தனி ஆசிரியர்களையும் கொண்டு செய்யும் பணியை அங்கே ஒரே பெண்மணி செய்துகொண்டிருந்தார்.

செலவு பணத்தில் மட்டும் இல்லை. 2018 ஆகஸ்டில், கான்சாஸ் ஈராண்டுக் கல்லூரி ஒன்றில் அணியின் முதல் நாள் உடற்பயிற்சிக்குப் பின், தொலைமாநிலத்திலிருந்து வந்திருந்த 19 வயது மாணவர் வெப்பத் தாக்கத்தால் இறந்தார். உடனே குளிர்நீரில் அமிழ்த்தினால் பெரும்பாலும் பிழைக்க வைக்கக்கூடிய நிலை அது.

கல்விக் கணக்கும் மாணவருக்கு எதிராகவே நின்றது. 2003இல் வந்த விதிப்படி மூன்றாம் ஆண்டில் நுழைபவர், தாம் தேர்ந்த பட்டத்துக்குரிய பாடங்களில் 40 விழுக்காட்டை முடித்திருக்க வேண்டும். ஜூனியர் கல்லூரியில் பெற்ற இணைப்பட்டத்தின் பாடங்கள் பல, பல்கலைக்கழகத்தின் குறிப்பிட்ட துறைக்குப் பொருந்தாமல் போகும். ஆகவே மாணவர் தாம் விரும்பிய துறையை விட்டு, பாடங்கள் பொருந்தும் துறையைத் தேர்ந்தனர். படித்த வகுப்புகள் பட்டக் கணக்கில் பாதிதான் ஏறின. ஆடிய ஆட்டங்களோ தகுதிக் கணக்கில் முழுவதும் கழிந்தன. இரண்டையும் ஒரே ஈராண்டில், ஒரே கல்லூரியில்தான் அவர் செய்திருந்தார்.

6. மீண்டும் ராஸ்வெல்

2018 பிப்ரவரியில் அரிசோனாவின் மாரிக்கோப்பா மாவட்டம், தன் நான்கு ஈராண்டுக் கல்லூரிகளின் கால்பந்து அணிகளை அந்தப் பருவத்தோடு கலைப்பதாக அறிவித்தது. செலவு அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அதே ஆண்டு அக்டோபரில் என்.சி.ஏ.ஏ. மாறுதல் பதிவகம் என்ற மின்னணுப் பட்டியலைத் தொடங்கியது. பல்கலைக்கழகம் விட்டுப் பல்கலைக்கழகம் செல்ல விரும்புவோர் அதில் பெயர் பதியலாம். 2021இல் ஒருமுறை மாறுபவர் ஓராண்டு காத்திருக்கத் தேவையில்லை என்றானது. அதே ஆண்டு ஜூலையில், மாணவர் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு விளம்பரங்களில் பொருளீட்டவும் வழி திறந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் ஆடியவர்க்குக் கூடுதலாக ஓராண்டும் வழங்கப்பட்டது. இவை ஒவ்வொன்றும் பல்கலைக்கழக வீரரின் உரிமையை விரித்தன. நான்கும் சேர்ந்து ஜூனியர் கல்லூரி வீரரின் இடத்தைச் சுருக்கின. அவசர வெற்றிடத்தை நிரப்ப, வேறொரு பல்கலைக்கழகத்தில் ஆடித் தேர்ந்தவரையே இப்போது ஒரு பயிற்றுநர் பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். களஞ்சியத்தின் தேவை குறைந்தது.

பாவியா இந்தக் காலத்தின் பிள்ளை. பள்ளி முடித்தபோது அவருக்குப் பெரிய அழைப்புகள் இல்லை. ஸ்டாபாக் அறுபது ஆண்டுகள் முன் சென்ற அதே ராஸ்வெல் படைத்துறைக் கல்விக்கழகத்தில் சேர்ந்து, 2021இல் அந்த அணிக்குத் தேசிய ஜூனியர் கல்லூரிப் பட்டம் வென்று தந்தார். பின்னர் நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இரண்டு பருவங்கள், அதன் பின் வாண்டர்பில்ட். 2024 அக்டோபர் 5 அன்று, நாட்டின் முதலிடத்தில் இருந்த அலபாமாவை அவரது அணி 40-35 என்று வீழ்த்தியது. அந்தப் பருவத்தோடு என்.சி.ஏ.ஏ. கணக்கில் அவருடைய நான்கு பருவங்கள் நிறைவுற்றன. நான்கில் ஒன்று ராஸ்வெலில் ஆடியது.

அவருடைய வாதம் எளிது. ஜூனியர் கல்லூரிகள் என்.சி.ஏ.ஏ. உறுப்பினர் அல்ல. அங்கே ஆடுபவருக்குப் பல்கலைக்கழக வீரருக்குக் கிட்டும் விளம்பர வருவாயோ தொலைக்காட்சி வெளிச்சமோ இல்லை. பள்ளிக்குப் பின் தனியார் ஆயத்தப் பள்ளியில் ஓராண்டு ஆடுபவருக்குத் தகுதிக் குறைப்பு இல்லை. அப்படியிருக்க, ஈராண்டுக் கல்லூரியில் ஆடியவருக்கு மட்டும் ஏன் குறைக்க வேண்டும்? வணிகப் போட்டியை முடக்குவதைத் தடுக்கும் 1890ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டத்தின்கீழ் இந்த வாதம் வெல்லக்கூடியது என நீதிபதி கருதினார். 2025 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், விலக்கு ஏற்கெனவே வழங்கப்பட்டுவிட்டதால் முடிவு செய்ய எதுவும் மீதமில்லை என்று என்.சி.ஏ.ஏ.வின் மேல்முறையீட்டைத் தள்ளியது. அந்த ஆண்டு ஹைஸ்மன் வாக்கெடுப்பில் பாவியா இரண்டாம் இடம் பெற்றார்.

எனவே மூலக் கேள்விக்கு இறுதி விடை இன்னும் எழுதப்படவில்லை. ஒரு வீரருக்கு ஓராண்டு கிடைத்தது, அவரைப் போன்ற சிலருக்கு ஒரு பருவத்து விலக்கு கிடைத்தது. அதில் இரண்டு பக்கங்கள் உள்ளன. 23, 24 வயது வீரர் மேலும் ஓராண்டு அணியில் தங்கும்போது, பள்ளி முடித்து வரும் ஒருவரின் இடம் தள்ளிப்போகிறது. அவர் மீண்டும் ஏதோவொரு ஈராண்டுக் கல்லூரியின் கதவைத் தட்ட நேரலாம். அந்தக் கதவுகள் முன்போல் எல்லா இடத்திலும் இல்லை.

1938இல் ஜூனியர் கல்லூரிகள் கேட்டது, தங்கள் மாணவர்களையும் கல்லூரி மாணவர்களாக எண்ண வேண்டும் என்பதே. அந்த எண்ணிக்கை அவர்களுக்கு ஒருபோதும் முழுமையாகக் கிடைக்கவில்லை. பட்டத்திலோ, பாதுகாப்பிலோ, வருவாயிலோ எண்ணப்படாத மாணவர், கழிக்கும்போது மட்டும் தவறாமல் எண்ணப்பட்டார். உயர்கல்வியின் அடுக்குமுறையை ஆராய்பவர்க்கு இதில் விளையாட்டுக்கு அப்பாலும் ஒரு பாடம் உண்டு. ஒரு நிறுவனம் மற்றொன்றை எப்படி மதிக்கிறது என்பதை அறிய, அது வெளியிடும் அறிக்கைகளைவிட, அங்கிருந்து வரும் மாணவரின் சென்ற ஆண்டுகளை அது எந்தப் பத்தியில் எழுதுகிறது என்பதைப் பார்ப்பது நம்பகமானது.